புளூகிராஸ், ஓல்ட்-டைம் கலைஞர்களிடம் பேட்டி எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வட கரோலினா, வர்ஜீனியா, டென்னசி பக்கம் வேலைக்கும் படிப்புக்கும் வந்து தங்கிவிட்ட தமிழர்கள் இன்று நிறைய. அந்தப் பகுதியின் அப்பலாச்சிய மலையூர்களில் இப்போதும் வாரம் தவறாமல் ஃபிடிலும் (நம் வயலின்தான்) பாஞ்சோவும் (தோல் போர்த்திய கம்பி வாத்தியம்) ஒலிக்கின்றன. அந்த இசைதான் புளூகிராஸும் ஓல்ட்-டைமும். வாசிப்பவர்களில் வயதானவர்கள் அதிகம். அவர்களோடு உட்கார்ந்து பேசி, அந்தப் பேச்சைப் பதிவுசெய்து வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாட்காஸ்டோ, பத்திரிகைக் கட்டுரையோ, பல்கலைக்கழக ஆய்வோ, எதற்காக இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தால் பேட்டி பத்தே நிமிடத்தில் வற்றிவிடும். பிறந்த ஊர், வேலை, பிள்ளைகள் என்று மூன்று வரியில் முடித்துவிடுவார்கள். ஒரு மெட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதை யாரிடம் கற்றீர்கள்?" என்று கேளுங்கள். அப்பா வருவார், பக்கத்துப் பண்ணைக்காரர் வருவார், சனிக்கிழமை ராத்திரி நடனம் வரும், ஆலை வேலை வரும். கீழே சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சரியான ஆளிடம், சரியான நேரத்தில், சரியாகப் பதிவாகும்படி கேட்பதற்கான ஏற்பாடுகள்தான்.

முதல் படி: எந்த இசை என்று தெரிந்துகொண்டு போங்கள்

புளூகிராஸ், ஓல்ட்-டைம் இரண்டுக்கும் ஒரே வாத்தியங்கள், பாதி மெட்டுகளும் பொது. அதனால் வெளியாட்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். வாசிப்பவர்கள் அப்படி நினைப்பதில்லை.

ஓல்ட்-டைம் என்பது வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் முன்பிருந்தே வீட்டிலும் நடனத்திலும் வாசிக்கப்பட்டு வந்த இசை. ஃபிடிலும் பாஞ்சோவும் சேர்ந்து ஒரே மெட்டை வாசிக்கும். கிதாரும் பேஸும் தாளத்தைத் தாங்கும். தனி ஆவர்த்தனம் மாதிரி முறை வைத்து வாசிப்பது கிடையாது. ஒரே மெட்டு ஐந்து நிமிடம், பத்து நிமிடம்கூடச் சுற்றிச் சுற்றி வரும். பாஞ்சோவை அவர்கள் வாசிப்பது கிளாஹாமர் முறையில்: விரல் நகம் கம்பியை மேலிருந்து கீழாக அடிக்கும், கட்டைவிரல் குட்டையான ஐந்தாம் கம்பியைத் தட்டும்.

புளூகிராஸ் வயதில் இளையது, பிறந்ததே மேடையில்தான். கென்டக்கியின் ரோசின் என்ற சிற்றூரில் 1911இல் பிறந்த பில் மன்றோ, தன் மாநிலத்தின் செல்லப்பெயரையே குழுவுக்கு 'புளூ கிராஸ் பாய்ஸ்' என்று வைத்து, 1939இல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி மேடையில் சேர்ந்தார். 1945 டிசம்பரில் வட கரோலினாவிலிருந்து எர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் மூன்று விரல் பாஞ்சோவோடு வந்து சேர்ந்தார். இன்று நாம் புளூகிராஸ் என்று சொல்லும் ஒலி அப்போதுதான் முழுமையானது. இதில் ஒவ்வொரு வாத்தியமும் முறை வைத்துத் தனியாக முன்னே வரும். வேகமும் துல்லியமும் இங்கே பெருமை.

இந்த வித்தியாசம் கேள்விகளையே மாற்றிவிடும். புளூகிராஸ்காரரிடம் எந்தெந்தக் குழுவில் இருந்தீர்கள், பஸ்ஸில் எத்தனை பேர், சம்பளம் எப்படி, ஒரு மைக்கைச் சுற்றி நாலு பேர் எப்படி நகர்ந்தீர்கள் என்று கேட்கலாம். ஓல்ட்-டைம்காரரிடம் எந்த மாவட்டத்து வாசிப்பு, யார் வீட்டில் நடனம் நடக்கும், அம்மா பாடுவாரா என்று கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் படித்துவிட்டுப் போவது அவசியம். பாஞ்சோவின் வேர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள்தான் அந்த வாத்தியத்தை அமெரிக்க மண்ணில் உருவாக்கினார்கள். மன்றோவே, தன் இசைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவராக ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கிதார் கலைஞரைச் சொல்லியிருக்கிறார். இது மலைவாழ் வெள்ளையர்களின் இசை மட்டுமே என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால், உங்கள் கேள்விகளே பாதி வரலாற்றை அடைத்துவிடும்.

இரண்டாம் படி: ஆட்களை அவர்கள் கூடும் இடத்தில் பாருங்கள்

மின்னஞ்சலில் ஆரம்பிக்காதீர்கள். வர்ஜீனியாவின் கேலக்ஸ் ஊரில் 1935 முதல் நடக்கும் ஃபிடில் கலைஞர்கள் மாநாடு ஆகஸ்டில் வரும். மேற்கு வர்ஜீனியாவின் கிளிஃப்டாப்பில் 1990இல் தொடங்கிய விழாவுக்கு ஓல்ட்-டைம்காரர்கள் எங்கெங்கிருந்தோ கூடாரத்தோடு வந்து சேர்கிறார்கள். வட கரோலினாவின் மவுன்ட் ஏரியில் இதே போன்ற மாநாடு ஜூன் மாதம் நடக்கும். வர்ஜீனியாவின் ஃப்ளாய்ட் என்ற சின்ன ஊரில் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒரு பலசரக்குக் கடைக்குள்ளேயே கச்சேரியும் நடனமும் நடக்கின்றன.

இந்த விழாக்களில் மேடை பாதிதான். மீதி இசை வண்டி நிறுத்தும் இடத்திலும் கூடாரங்களுக்கு நடுவிலும் நள்ளிரவு தாண்டியும் நடக்கும். உங்களுக்கு வேண்டிய ஆள் அங்கேதான் இருப்பார். முதல் நாள் ரெக்கார்டரை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். ஒரு மடக்கு நாற்காலி மட்டும் எடுத்துக்கொண்டு வட்டத்துக்குச் சற்று வெளியே உட்காருங்கள்.

அங்கே சில நடைமுறைகளைக் கவனித்துவிடலாம். ஓல்ட்-டைம் வட்டம் ஒரு சுருதியில் ஆரம்பித்தால் மணிக்கணக்கில் அதிலேயே இருக்கும், ஏனென்றால் சுருதி மாற வேண்டுமானால் ஃபிடிலும் பாஞ்சோவும் கம்பிகளைத் திரும்பக் கட்ட வேண்டும். 'ஏ'யில் வாசித்துக்கொண்டிருப்பவர்களிடம் போய் 'டி'யில் உள்ள மெட்டைக் கேட்பது விவரம் தெரியாதவர் என்று காட்டிவிடும். மெட்டை முடிக்கப்போகிறவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். பேச வேண்டியதை அதற்குப் பிறகு பேசுங்கள், நடுவில் வேண்டாம்.

கர்நாடக வயலின் பழகியவர்களுக்கு இங்கே ஒரு நல்ல வழி திறக்கிறது. 'ஏ' மெட்டுகளுக்காகப் பல ஃபிடில் கலைஞர்கள் கம்பிகளை ஏ-ஈ-ஏ-ஈ என்று கட்டுகிறார்கள். அது அப்படியே நம் ச-ப-ச-ப. வாத்தியமும் அதேதான், வில்லும் அதேதான். இதைச் சொன்னதும் ஒரு முதிய ஃபிடில்காரர் தன் வாத்தியத்தை என் கையில் கொடுத்து, "உங்கள் ஊரில் எப்படிப் பிடிப்பார்கள், காட்டுங்கள்" என்றார். தரையில் உட்கார்ந்து, சுருள்முனையைக் கணுக்காலில் ஊன்றிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் பேட்டி எடுக்க ஆரம்பித்துவிட்டார். என் கேள்விகளுக்கு மறுநாள்தான் நேரம் கிடைத்தது. உங்களிடமும் கொடுக்க ஏதாவது இருந்தால் கொடுத்துவிடுங்கள். இந்த உலகத்தில் பேச்சு இரண்டு பக்கமும் ஓட வேண்டும்.

மூன்றாம் படி: நேரம் கேட்பதும் சம்மதம் வாங்குவதும்

தென் மாநிலங்களில் வயதானவர்களை 'சார்', 'மேம்' என்று கூப்பிடுவது இன்றும் சாதாரண மரியாதை. அவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லும்வரை அப்படியே கூப்பிடுங்கள். எதற்காகப் பதிவு, எங்கே வெளிவரும், எவ்வளவு நேரம் ஆகும் என்று மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கேட்காதீர்கள். விரல்களில் வாதம் உள்ளவர்களுக்கு அதுவே அதிகம்.

சம்மதப் படிவம் ஒரு பக்கம் போதும். ஆனால் பேச்சுக்கும் வாசிப்புக்கும் தனித்தனியாக அனுமதி வாங்குங்கள். கதையைப் பொதுவில் வைக்கச் சம்மதிப்பவர், தான் வாசித்த மெட்டு இணையத்தில் போவதை விரும்பாமல் இருக்கலாம். அது அவர் சொத்து. பிறகு மனம் மாறினால் எந்தப் பகுதியையும் எடுத்துவிடலாம் என்பதைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

நான்காம் படி: காதுக்கான வீட்டுப்பாடம்

சந்திப்பதற்கு முன் அவர் வாசித்த பதிவுகளில் கிடைப்பதையெல்லாம் கேளுங்கள். அவர் யாரிடம் கற்றாரோ அவருடைய பதிவையும் தேடுங்கள். சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம், கென்டக்கியின் பெரியா கல்லூரி, வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தின் நாட்டார் வழக்காற்று மையம் ஆகிய இடங்களில் நிறையக் களப்பதிவுகள் இருக்கின்றன. புளூகிராஸ்காரர்கள் என்றால் கென்டக்கியின் ஓவன்ஸ்பரோவில் உள்ள புளூகிராஸ் அருங்காட்சியகத்தின் வீடியோ வாய்மொழி வரலாறுகளையும் பாருங்கள். ஏற்கெனவே சொன்ன கதையைத் திரும்பச் சொல்ல வைப்பது அவர் நேரத்தை வீணாக்குவது.

கேட்கும்போது ஒரே மெட்டின் இரண்டு வாசிப்புகளை அடுத்தடுத்துப் போட்டு, எங்கே வேறுபடுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். "உங்கள் ஆசிரியர் இரண்டாம் பாதியை மேலேயே விட்டுவிடுகிறார், நீங்கள் கீழே இறக்குகிறீர்கள், ஏன்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்கார்வார்.

ஐந்தாம் படி: கருவிகளும் அறையும்

விலையுயர்ந்த சாதனம் தேவையில்லை. இரண்டு மைக் உள்ள கையடக்க ரெக்கார்டர், காதை மூடும் ஹெட்போன், உபரி பேட்டரி, உபரி மெமரி கார்டு. கோப்பு வேவ் வடிவில், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். எம்பி3 வேண்டாம், ஆவணக்காப்பகங்கள் அதை விரும்புவதில்லை. கூடவே போனிலும் ஒரு பதிவு ஓடட்டும்.

பெரிய சிக்கல் பாஞ்சோ. பேச்சுக்கு ஏற்ற அளவில் ஒலியை வைத்திருப்பீர்கள், திடீரென்று அவர் பாஞ்சோவை எடுத்து அடிப்பார், பதிவு கிழிந்துவிடும். தொடங்கும் முன் அவரைப் பலமாக ஒரு மெட்டு வாசிக்கச் சொல்லி, அதன் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துவிடுங்கள். பேச்சு கொஞ்சம் சன்னமாகப் பதிவானால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். கிழிந்த ஒலியைச் சரிசெய்ய முடியாது. 32 பிட் ஃப்ளோட் வசதியுள்ள ரெக்கார்டர் இருந்தால் இந்தக் கவலை குறையும்.

பெரும்பாலும் சமையலறை மேசையில்தான் பேச்சு நடக்கும். அங்கே ஃப்ரிட்ஜ் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். அனுமதி கேட்டு அணைத்துவிட்டு, உங்கள் கார் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள். ஒலிப்பதிவாளர்கள் பலர் செய்யும் வேலை இது. திரும்ப ஆன் செய்யாமல் கிளம்பவே முடியாது. சுவர்க் கடிகாரத்தையும் பாருங்கள். முடிவில் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் வெறும் ஒலியைப் பதிவுசெய்யுங்கள், தொகுக்கும்போது உதவும்.

ஆறாம் படி: வாத்தியம் கையில் இருக்கட்டும்

இதுதான் முக்கியமான படி. வாத்தியம் பெட்டிக்குள் இருந்தால் பேச்சும் பெட்டிக்குள்தான் இருக்கும். உட்கார்ந்ததும், "முதன்முதலில் கற்ற மெட்டு ஞாபகம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். பல பேர் வாயால் பதில் சொல்ல மாட்டார்கள், கை கம்பிக்குப் போகும். போகட்டும்.

ஒருவரிடம் அவருடைய தாத்தா வாசித்த மெட்டைப் பற்றிக் கேட்டபோது, மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். நான் அடுத்த கேள்விக்குப் போகாமல், தாத்தா கம்பிகளை எப்படிக் கட்டுவார் என்று மட்டும் கேட்டேன். முறுக்காணியைத் திருப்பித் தாழ்ந்த கம்பிகளைக் கட்டினார், ஒவ்வொரு கம்பியையும் மீட்டிப் பார்த்தார், இரண்டாவது கம்பியில் விரல் ஏதோ ஒரு துண்டைப் பிடித்தது. முதல் பாதி வந்துவிட்டது. இரண்டாம் பாதிக்குச் சற்று நேரம் ஆனது. அதுவரை யாரும் பேசவில்லை. மெட்டு முழுசாக வந்ததும், கூடவே தாத்தாவின் புகையிலைக் கொட்டகையும் அதன் வாசலில் உட்கார்ந்திருந்த ஆட்களின் பெயர்களும் வந்தன. மௌனத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள். அதைவிட, கம்பி கட்டும் முறையைக் கேட்க மறக்காதீர்கள்.

ஒவ்வொரு மெட்டுக்கும் பெயர், சுருதி, கம்பி கட்டு, யாரிடம் கற்றது என்று நான்கையும் பதிவிலேயே சத்தமாகச் சொல்ல வையுங்கள். நாற்பது வருடம் கழித்து அதைக் கேட்டுக் கற்கப்போகிறவருக்கு அந்த நான்கும்தான் வேண்டும்.

"யாரிடம் கற்றீர்கள்" என்ற கேள்வியை ஒரு தலைமுறையோடு நிறுத்தாதீர்கள். அவர் யாரிடம் கற்றார், அவருக்கு முன்னே யார் என்று பின்னோக்கிப் போங்கள். பில் மன்றோவுக்கு அந்த வரிசையில் நின்றவர் அவருடைய தாய்மாமன் பென்டில்டன் வான்டிவர். பெற்றோரை இழந்த பையனைத் தன்னோடு வைத்துக்கொண்டு, நடனங்களுக்குக் கூட்டிப்போய் கிதார் வாசிக்க வைத்த ஃபிடில்காரர் அவர். வட கரோலினாவின் டோஸ்ட் என்ற ஊரில் இருந்த டாமி ஜாரல் (1901–1985) தன் அப்பா பென் ஜாரலிடமிருந்து வந்ததைக் கையில் வைத்திருந்தார். சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 1970களில் நாடு முழுவதிலிருந்தும் இளைஞர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சாப்பாடு போட்டு, தங்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்றவர்களே இன்று மூத்தவர்கள். நீங்கள் பேசப்போவது பெரும்பாலும் அவர்களோடுதான், ஆகவே அந்த வீட்டுக்குள் நடந்ததையும் கேளுங்கள்: எந்த நாற்காலி, மெட்டைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்தாரா, முழுசாகவே வாசித்துவிட்டுப் பிடித்துக்கொள் என்றாரா.

வாத்தியத்தின் கதையையும் கேட்டுவிடுங்கள். பில் மன்றோவின் 1923ஆம் வருட கிப்சன் மாண்டலின் புளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் கிடைத்தது. பழுதுபார்க்க அனுப்பிய இடத்தில் கோபம் வந்து, தலைப்பகுதியில் இருந்த நிறுவனப் பெயரையே அவர் சுரண்டி எடுத்துவிட்டார். 1985இல் யாரோ வீடு புகுந்து அதை அடித்து நொறுக்க, துண்டுகளைச் சேர்த்து மறுபடி உருவாக்கினார்கள். எல்லா வாத்தியத்துக்கும் இவ்வளவு கதை இருக்காது. ஆனால் எந்தக் கீறல் எப்படி வந்தது என்று கேட்டால் சும்மா இருக்கும் கலைஞரை நான் பார்த்ததில்லை.

ஏழாம் படி: மேடையில் இல்லாதவர்களைத் தேடுங்கள்

பேட்டிகள் எல்லாம் முன்னணிப் பாடகர்களையே சுற்றுகின்றன. இசையைத் தாங்கிப் பிடித்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். எர்ல் ஸ்க்ரக்ஸ் பாடகர் லெஸ்டர் ஃப்ளாட்டோடு சேர்ந்து நடத்திய ஃப்ளாட்–ஸ்க்ரக்ஸ் குழுவின் நிகழ்ச்சி ஒப்பந்தங்களையும் நிர்வாகத்தையும் பார்த்தவர் எர்லின் மனைவி லூயிஸ் ஸ்க்ரக்ஸ். அந்தக் காலத்தில் அந்த வேலையில் பெண்களே அபூர்வம். வாத்தியம் செய்பவர்கள், நடன அடிகளைக் கூவி அழைப்பவர்கள், மவுன்ட் ஏரியில் 1948 முதல் உள்ளூர் இசையை ஒலிபரப்பும் டபிள்யூபிஏக்யூ போன்ற நிலையங்களின் அறிவிப்பாளர்கள், கூடாரத்தில் சமையலைப் பார்த்துக்கொண்டு முப்பது வருடமாக எல்லா மெட்டையும் கேட்டவர்கள் என்று எல்லோரிடமும் உட்காருங்கள். கலைஞரின் மனைவியோ கணவரோ அறைக்குள் இருந்தால் அவருக்கும் ஒரு மைக் வையுங்கள். தேதிகளை அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.

பெயர் விடுபட்டவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. கிராமியப் பாடல்களைப் பதிவுசெய்து புகழ்பெற்ற கார்ட்டர் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டுச் சேகரித்தபோது, வரிகளை அவர் எழுதிக்கொள்வார். மெட்டை மனத்தில் பிடித்துக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர். பல வருடங்கள் வெளியே தெரியாமல் இருந்த ரிடிலை 1960களில் தேடிப்போய்ப் பதிவுசெய்தவர் இசைக்கலைஞரும் பாட்டுச் சேகரிப்பாளருமான மைக் சீகர். அதே போல வட கரோலினாவின் மெபேன் ஊரைச் சேர்ந்த கறுப்பின ஃபிடில்காரர் ஜோ தாம்சனிடம் 2005 வாக்கில் ரியானன் கிடன்ஸ் என்ற இளம் கலைஞரும் நண்பர்களும் வாரம்தோறும் போய் உட்கார்ந்தார்கள். கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற கறுப்பின இசைக்குழு உருவானது அப்படித்தான். ஆகவே, "அப்போது உங்கள் ஊரில் வேறு யார் வாசித்தார்கள்? கறுப்பினக் குடும்பங்களில் யாராவது? பெண்கள்?" என்று நேராகவே கேளுங்கள். சாதாரணக் குரலில் கேட்டால் சாதாரணமாகப் பதில் வரும்.

எட்டாம் படி: உங்கள் கற்பனையை அவர் மேல் ஏற்றாதீர்கள்

1960இல் நாட்டார் இசை சேகரிப்பாளர் ரால்ஃப் ரின்ஸ்லர் டென்னசி பக்கம் பழைய பாடகர் ஒருவரைப் பதிவுசெய்யப் போனபோது, பக்கவாத்தியத்துக்கு வந்த டாக் வாட்சன் கையில் மின்கிதார் இருந்தது. ஊரில் நடனக் குழுவில் அதைத்தான் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். ரின்ஸ்லருக்கு மின்சாரம் இல்லாத கிதார் வேண்டும்; வாட்சனோ பழக்கமில்லாத இரவல் கிதாரை எடுக்க மறுத்தார். பிறகு ரின்ஸ்லர் பாஞ்சோ வாசிப்பதைக் கேட்டு வாட்சன் அதைக் கையில் வாங்கினார், பேச்சு தொடங்கியது, உலகம் ஒரு பெரிய கலைஞரைத் தெரிந்துகொண்டது. ஆனால் அந்த முதல் தயக்கத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மலைக்காரர் என்றால் பழசையே வாசிக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவர்களுக்கு வானொலி பிடிக்கும், ஜாஸ் பிடிக்கும், மின்கிதார் பிடிக்கும். அதையும் கேளுங்கள்.

அரசியல், மதம், போதை, குழு உடைந்த சண்டை எல்லாம் வரும். நீங்களாகத் தூண்ட வேண்டாம், வந்தால் தடுக்கவும் வேண்டாம். "இதை நிறுத்திவிடு" என்று கை காட்டினால் உடனே நிறுத்துங்கள். சிவப்பு விளக்கு அணைந்ததை அவரே பார்க்கட்டும்.

ஒன்பதாம் படி: பதிவு முடிந்த பிறகு

அன்று இரவே இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். கோப்பின் பெயரில் தேதி, ஊர், கலைஞர் பெயர் இருக்கட்டும். எந்த நிமிடத்தில் எந்த மெட்டு, யார் பெயர் வருகிறது என்று ஒரு அட்டவணை போடுங்கள். முழுப் பேச்சையும் எழுத்தில் கொண்டுவர நேரம் இல்லாவிட்டாலும் இந்த அட்டவணையைத் தவறவிடாதீர்கள். இப்போதைய தானியங்கி எழுத்துமாற்று மென்பொருள்கள் மலைப்பகுதி உச்சரிப்பிலும் மெட்டுப் பெயர்களிலும் தடுமாறுகின்றன, அதனால் காதால் ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும். பேச்சுவழக்கைத் திருத்தி ஆங்கில இலக்கணத்துக்குள் அடைக்க வேண்டாம். அவர் சொன்னது சொன்னபடி இருக்கட்டும்.

குடும்பத்துக்கு ஒரு பிரதி கட்டாயம் கொடுங்கள். பென் டிரைவ் சிலருக்குப் பழக்கமிருக்காது, சிடியாகக் கேட்டால் சிடியாகவே கொடுங்கள். குடும்பம் சம்மதித்தால் பக்கத்தில் உள்ள பல்கலைக்கழகக் காப்பகத்திலும் சேர்க்கலாம். அங்கே கொடுக்கும்போது சம்மதப் படிவமும் அட்டவணையும் கூடவே போக வேண்டும், இல்லாவிட்டால் அவர்களால் அதை யாருக்கும் திறந்துவிட முடியாது.

பிரதி கொடுத்து ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் ஒரு போன் வரும். "அந்த மெட்டை மாமாவிடம் கற்றேன் என்று சொன்னேனே, இல்லை, அவருடைய தம்பியிடம்" என்பார்கள். பழைய பதிவை மாற்றாமல், அந்தத் திருத்தத்தைத் தேதியோடு அட்டவணையில் சேருங்கள், காப்பகத்துக்கும் அனுப்புங்கள். அப்புறம் அந்தத் தம்பியைப் பற்றிக் கேட்க இன்னொரு நாள் நேரம் கேளுங்கள்.